ஹெல்ம்ஹோல்ட்ஸும் எல்லிஸும்: ஆசிரியரோடு வாதாட மொழிபெயர்ப்பாளருக்கு இடம் உண்டா?

தந்தியொலி எழுதியது:

மூன்று மாதமாக ஒரே புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறேன். தொனியை, அதாவது இசை ஒலியை, நம் காது எப்படி உணர்கிறது என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற அறிவியலாளர் 1863-இல் ஜெர்மன் மொழியில் எழுதிய பெரிய நூல். நான் படிப்பது அலெக்சாண்டர் எல்லிஸின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 1885-இல் வந்த இரண்டாம் பதிப்பு. எனக்காகச் சில அத்தியாயங்களைத் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

தொடங்கியபோது அடிக்குறிப்புகள் பெரிய தொந்தரவாக இருந்தன. சில பக்கங்களில் மேலே ஹெல்ம்ஹோல்ட்ஸுக்குக் கொஞ்சம் இடம், கீழே பொடி எழுத்தில் எல்லிஸ் எழுதிக்கொண்டே போகிறார். போதாக்குறைக்கு நூலின் கடைசியில் ஒரு நீண்ட பின்னிணைப்பே அவருடையது. முதலில் அதையெல்லாம் தாண்டித் தாண்டிப் படித்தேன். இப்போது பக்கத்தைத் திருப்பியதும் கண் கீழேதான் போகிறது.

ஏனென்றால் அங்கே இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள். ஆசிரியர் ஒன்றைச் சொல்கிறார். மொழிபெயர்ப்பாளர் ‘இந்தக் கணக்கை நான் மறுபடி போட்டுப் பார்த்தேன், இப்படி வருகிறது’ என்கிறார். ‘இந்தச் சொல்லை இப்படி மாற்றினேன், காரணம் இது’ என்கிறார். தன் பேச்சு முழுவதையும் பகர அடைப்புக்குள் [ ] வைத்து, இதற்கு ஆசிரியர் பொறுப்பில்லை என்று முன்பே சொல்லிவிடுகிறார்.

இன்னொன்றும் கவனியுங்கள். எல்லிஸின் முதல் பதிப்பு 1875-இல் வந்தது, ஜெர்மன் மூன்றாம் பதிப்பிலிருந்து. 1877-இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் நான்காம் பதிப்பைத் திருத்தி வெளியிட்டார். அதன் பிறகு எல்லிஸ் தன் வேலையையும் பிரித்துப் போட்டு, அதற்கு ஏற்ப மாற்றி, 1885 வரை தெரியவந்த செய்திகளையும் சேர்த்தார். அவர் திருத்த, இவர் திருத்த என்று பத்து ஆண்டுக்கு மேல் நடந்திருக்கிறது. எனக்கு இது ஒரு நீண்ட கடிதப் போக்குவரத்தாகவே தெரிகிறது. கடிதங்கள் உறையில் போகாமல் அச்சுப் பக்கத்தில் போயிருக்கின்றன, அவ்வளவுதான்.

என் கேள்வி: இசைக் கோட்பாட்டு நூலை மொழிபெயர்ப்பவர் இந்த அளவுக்குப் பேசலாமா? நான் பேசலாம் என்கிற பக்கம். ஆனால் எவ்வளவு, எந்த இடத்தில் என்பதில் தெளிவில்லை.

வெறுங்காது எழுதியது:

நான் எதிர்ப்பக்கம். ஆசிரியர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுவந்து சேர்ப்பதுதான் மொழிபெயர்ப்பாளரின் வேலை. மாற்றுக் கருத்து இருந்தால் தனியாக ஒரு நூல் எழுதலாமே, யார் தடுத்தார்கள்? வாசகர் காசு கொடுத்து வாங்கியது ஹெல்ம்ஹோல்ட்ஸை. அடைப்புக்குறி போட்டுவிட்டால் மட்டும் குறுக்கே பேசியது இல்லை என்று ஆகிவிடாது. உங்களுக்கே முதலில் தொந்தரவாகத்தானே இருந்தது?

அடிக்குறிப்பு எழுதியது:

வெறுங்காது, உங்கள் கட்சி கதைக்கும் கவிதைக்கும் பொருந்தும். கோட்பாட்டு நூலில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்தாலே கருத்துச் சொல்லியாகிவிட்டது. எல்லிஸ் மூன்று சொற்களோடு மல்லுக்கட்டியதைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

முதலாவது ‘கிளாங்’. ஒரு தந்தியை மீட்டினால் காதுக்கு ஒரே ஒலி. உள்ளே பிரித்துப் பார்த்தால் அடிப்படை நொடிக்கு 100 அதிர்வு என்றால் 200, 300, 400 என்று அதன் மேல் வரிசையாக மற்றவையும் இருக்கின்றன. இந்த மொத்தக் கூட்டைத்தான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெரும்பாலும் ‘கிளாங்’ என்கிறார். உள்ளே இருக்கும் ஒவ்வொரு தனி ஒலியும் ‘டோன்’. எல்லிஸுக்கு முன்பே, 1867-இல், ஜான் டிண்டல் என்ற இயற்பியலாளர் ஒலியைப் பற்றிய தன் நூலில் இதே ‘கிளாங்’கை அப்படியே ஆங்கிலத்துக்குள் கொண்டுவந்துவிட்டார். ஒலி ஒற்றுமை இருக்கிறது, பார்க்க அழகாகவும் இருக்கிறது.

எல்லிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே பொருள் உண்டு: வாளும் வாளும் மோதும் ஓசை, உலோகத்தின் கடூரமான ஓசை. அப்படிப்பட்ட ஓசையில் மேலே இருக்கும் பகுதிகள் 2, 3, 4 என்ற சீரான மடங்கில் இருக்கவே இருக்காது. அதாவது, எதைப் பற்றி ஹெல்ம்ஹோல்ட்ஸ் பேசுகிறாரோ அதற்கு நேர் எதிரானதை அந்த ஆங்கிலச் சொல் குறிக்கிறது. அகராதியை எடுத்துவைத்து, வரியை வாசித்துக்காட்டி மறுக்கிறார். பிறகு கூட்டுத்தொனி, தனித்தொனி என்ற பொருளில் எளிய சொற்களை வைக்கிறார்.

இரண்டாவது ‘ஓபர்டோன்’. ஜெர்மனில் ‘ஓபர்’ என்றால் மேல், மேலுள்ள. ‘மேற்பகுதித் தொனி’ என்ற நீண்ட சொல்லின் சுருக்கம் அது. டிண்டல் அதையும் ஒலி ஒற்றுமை பார்த்து ஆங்கிலமாக்கினார். இதில் எல்லிஸ் காணும் ஆபத்து எண்ணிக்கையில். அடிப்படையையும் சேர்த்து எண்ணினால் 200 என்பது இரண்டாம் பகுதி. அடிப்படையை விட்டு மேலே உள்ளதை மட்டும் எண்ணினால் அதுவே முதலாவது. ஒரே பொருளுக்கு இரண்டு எண்! கணக்கெல்லாம் இந்த எண்ணை வைத்துத்தான் ஓடுகிறது. ஒன்று பிசகினால் பின்னால் வரும் விகிதங்கள் அத்தனையும் பிசகும்.

மூன்றாவது, ஒரே சுரத்தைக் குழலிலும் வீணையிலும் வேறுபடுத்திக் காட்டும் அந்தப் பண்புக்குப் பெயர். ஜெர்மனில் ஒலியின் நிறம் என்பார்கள். ‘டிம்பர்’ என்ற பிரெஞ்சுச் சொல் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியிருந்தது. எல்லிஸ் அதன் குலம் கோத்திரத்தையே விசாரித்துவிட்டார்: முதலில் ஒருவகைப் பேரிகை, அப்புறம் தலைக்கவசம், அப்புறம் கவசம் பொறித்த குலச்சின்னம், அதிலிருந்து அரசு முத்திரை, கடைசியில் அஞ்சல்தலை. இவ்வளவு சுற்றி வந்த சொல் வேண்டாம், தொனியின் தன்மை என்று சொன்னால் எல்லாருக்கும் புரியும் என்கிறார்.

இதை எந்தத் தனி நூலில் எழுத முடியும்? அந்தச் சொல் வரும் அந்தப் பக்கத்தின் அடியில்தான் எழுத முடியும்.

அலைநீளம் எழுதியது:

பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். அந்த இரண்டாவது சொல்லைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் பாடநூலில் இருக்கும் ‘மேற்சுரம்’ என்பது எல்லிஸ் வேண்டாம் என்றாரே, அந்தச் சொல்லின் தமிழ்தான். அவர் பயந்த குழப்பம் ஆண்டுதோறும் என் வகுப்பில் நடக்கிறது.

இரு முனையும் திறந்த குழாயில் முதல் மேற்சுரம் என்பது இரண்டாம் சீரிசை, அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு. சரி, ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பழக்குவோம். அடுத்த பக்கத்தில் ஒரு முனை மூடிய குழாய் வரும். அதில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை மடங்குகள் மட்டும்தான். இங்கே முதல் மேற்சுரம் மூன்றாம் சீரிசை, இரண்டாம் மேற்சுரம் ஐந்தாம் சீரிசை. ‘ஒன்று கூட்டச் சொன்னீர்களே மிஸ்’ என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். கேட்பது நியாயம்தான். பகுதி எண் என்று ஒரே எண்ணிக்கையை வைத்திருந்தால், எண்ணை அடிப்படை அதிர்வெண்ணால் பெருக்கினால் விடை; எந்தக் குழாய்க்கும் அதே விதி.

டிண்டலின் சொல்தான் கடைசியில் உலகம் முழுக்க நின்றது. எல்லிஸ் சொன்ன காரணமோ இன்றைக்கும் என் கரும்பலகையில் நிற்கிறது.

வெறுங்காது எழுதியது:

சரி, சொற்களைப் பற்றிய குறிப்பு வேண்டும் என்பதை ஏற்கிறேன். மேற்சுர விஷயம் எனக்கும் பள்ளியில் பட்டதுதான். ஆனால் அது விளக்கம். ‘ஆசிரியர் தவறு’ என்று சொல்வது வேறு. அதற்கு வாருங்கள்.

தந்தியொலி எழுதியது:

வருகிறேன். அதற்கு முன், மொழிபெயர்ப்பு இல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. எல்லிஸே இதில் வருகிறார், அதுவும் ஒரு கடிதத்தோடு.

1866-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் பத்தொன்பது வயதுப் பையன். உயிரெழுத்துகளைச் சொல்லும்போது வாய்க்குள் எந்தெந்தச் சுரம் எதிரொலிக்கிறது என்று இசைக்கவையை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார். கண்டதை எழுதி எல்லிஸுக்கு அனுப்பினார். எல்லிஸ் பேச்சொலி அறிஞர், பெல்லின் தந்தைக்குத் தெரிந்தவர். அவரிடமிருந்து பதில் வந்தது: இதே ஆய்வை ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் முன்பே செய்துவிட்டார். நூலையும் படிக்கக் கொடுத்தார்.

பெல்லுக்கு ஜெர்மன் வராது. ஆங்கில மொழிபெயர்ப்பு வர இன்னும் ஒன்பது ஆண்டு இருந்தது. ஜார்ஜ் கெரூ செய்த பிரெஞ்சு மொழிபெயர்ப்பு 1868-இல் வந்தது; பெல் அதையும் அரைகுறையாகத்தான் புரிந்துகொண்டார். அந்த நூலில் ஒரு கருவி உண்டு. மின்காந்தத்தால் பல இசைக்கவைகளை விடாமல் அதிரவைத்து, அவற்றின் வலிமையைக் கூட்டிக் குறைத்து, உயிரெழுத்துப் போன்ற ஒலிகளை ஆக்குகிற கருவி. படத்தில் கம்பிகள் ஓடுவதைப் பார்த்த பெல், ஹெல்ம்ஹோல்ட்ஸ் உயிரெழுத்துகளைக் கம்பி வழியாக ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அனுப்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டார். உயிரெழுத்து போகும் என்றால் மெய்யெழுத்தும் போகும், பேச்சே போகும் என்று அவர் மனம் ஓடியது. 1876-இல் தொலைபேசிக்குக் காப்புரிமை வாங்கினார்.

தவறான வாசிப்பிலிருந்து நல்லது விளைந்தது என்று இந்தக் கதையைச் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்தது அந்தக் கடிதம். தான் பின்னால் மொழிபெயர்க்கப்போகும் நூலை, மொழிபெயர்ப்பதற்குப் பல ஆண்டு முன்பே, எல்லிஸ் இளைஞர் ஒருவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். அந்த மனிதருக்கு ஹெல்ம்ஹோல்ட்ஸ் மேல் எவ்வளவு மதிப்பு இருந்திருக்க வேண்டும்! அதனால்தான் அவர் பின்னால் மறுத்துப் பேசியதை நான் கவனமாக எடுத்துக்கொள்கிறேன்.

இருமொழி எழுதியது:

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஜெர்மனியைச் சேர்ந்த ஓர் இசைக் கோட்பாட்டாளரின் கட்டுரைகளைத் தமிழாக்கியபோது அவரோடு ஒன்றரை ஆண்டு மின்மடலில் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் பெயர் இங்கே தேவையில்லை. அந்த மடல்களிலிருந்து இரண்டு செய்திகள் மட்டும்.

ஒன்று, ‘ஸ்டிம்முங்’ என்ற சொல். ஜெர்மனில் அதற்குச் சுருதி சேர்ப்பு என்றும் பொருள், மனநிலை என்றும் பொருள். குழாய்களில் காற்று ஊதி ஒலிக்கும் பழைய ஆர்கன் கருவிகளைப் பற்றிய ஒரு கட்டுரையில், அந்தக் காலத்து ஸ்டிம்முங் இன்று நம் கைக்கு எட்டாது என்ற கருத்தில் ஒரு வாக்கியம் வந்தது. எது எட்டாது? குழாய்களைச் சேர்த்திருந்த முறையா, கேட்டவர்களின் மனநிலையா? தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் கிடைக்காது. அவரிடமே கேட்டேன். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. இரண்டும்தான் என்று முதல் வரி. அடுத்த வரியில், இத்தனை ஆண்டாக இதை எழுதியும் பேசியும் வருகிறேன், ஜெர்மன் வாசகர் ஒருவரும் நின்று கேட்டதில்லை, கேள்வி வந்த பிறகுதான் நானே அந்த இடத்தில் யோசிக்காமல் கடந்திருக்கிறேன் என்று தெரிகிறது என்று எழுதியிருந்தார்.

அதோடு நிற்கவில்லை. நீங்கள் வைத்திருக்கும் ‘சுருதி’க்கு என்ன பொருள் என்று கேட்டார். ஆதார ஒலி ஒன்று, நுண்ணிய இடைவெளி ஒன்று, வேதம் என்ற பொருளும் உண்டு என்று எழுதினேன். அப்படியானால் உங்கள் வாசகர் எதைக் கொண்டு பிரித்தறிவார் என்றார். நான் அதுவரை அதை யோசித்ததே இல்லை. உட்கார்ந்து யோசித்தால், பக்கத்தில் வரும் சொல்தான் காட்டிக்கொடுக்கிறது. சுருதி சேர்க்கிறோம், சுருதி விலகுகிறது என்றால் ஆதார ஒலி. இருபத்திரண்டு என்று எண் முன்னால் வந்தால் இடைவெளி. இதை எழுதி அனுப்பினேன். அடுத்த மடலில் அவர் தன் வாக்கியத்தை இரண்டாகப் பிரித்து அனுப்பியிருந்தார்: ஒன்று ஆர்கன் குழாய்களைப் பற்றி, ஒன்று கேட்ட மனிதர்களைப் பற்றி. நான் தமிழாக்கியது அந்தத் திருத்திய வடிவத்தைத்தான்.

இரண்டாவது என் பிழை. ஜெர்மனில் சுரங்களுக்கு எழுத்துப் பெயர் வைக்கும் முறை ஆங்கில முறையிலிருந்து ஓரிடத்தில் மாறும். ஆங்கிலத்தில் ‘பி’ என்பதை ஜெர்மனில் ‘ஹெச்’ என்ற எழுத்தால் எழுதுவார்கள். ஜெர்மனில் ‘பி’ என்று எழுதினால் அது அரைச்சுரம் தாழ்ந்தது, ஆங்கிலத்தில் ‘பி ஃப்ளாட்’. இசையமைப்பாளர் பாக் தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் (பி, ஏ, சி, ஹெச்) சுரமாக்க முடிந்தது இதனால்தான். இவ்வளவும் தெரிந்திருந்தும், ஓர் அட்டவணையை இரவில் படியெடுத்தபோது ஜெர்மன் ‘பி’யை அப்படியே ‘பி’ என்று விட்டுவிட்டேன். இதழில் அச்சாகியும் விட்டது. பியானோ வாசிக்கும் வாசகர் ஒருவர், இந்த வரிசை காதுக்கு ஒத்துவரவில்லையே என்று எழுதிக் கேட்டார். தூக்கம் போயிற்று. ஆசிரியரிடம் சொன்னேன். ஆங்கிலத்திலும் தன் கட்டுரைக்கு இதேதான் நடந்தது என்று சொல்லி, இனி முதல் பக்கத்திலேயே சுரப் பெயர் அட்டவணை ஒன்று போட்டுவிடுவோம் என்றார். போட்டோம்.

இன்னொரு பொறியும் உண்டு, பழைய நூல்களைத் தொடுபவர்களுக்காகச் சொல்கிறேன். 19-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு நூல்களில் அதிர்வைப் போவது ஒன்று, வருவது ஒன்று என்று தனித்தனியாக எண்ணுவார்கள். ஜெர்மன், ஆங்கில நூல்களில் போய்வந்தால் ஒன்று. பிரான்சு 1859-இல் நிர்ணயித்த ஆதாரச் சுரம் அவர்கள் கணக்கில் 870, மற்றவர்கள் கணக்கில் 435. எண்ணை அப்படியே எடுத்து எழுதினால் ஒரு முழு ஸ்தாயி மேலே போய்விடும். எண்ணுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை என்று நினைப்பவர்கள் இங்கே விழுவார்கள்.

ஆகவே வெறுங்காது அவர்களே, ஆசிரியர் உயிரோடு இருந்தால் மடலில் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். அதுதான் முறை. அந்த வழி இல்லாதபோது அடைப்புக்குறியைத் தவிர வேறு இடம் எது?

சிறுபறை எழுதியது:

புதியவன். ஒரு கேள்வி. எல்லிஸ் இசைக்கலைஞரா? இவ்வளவு எண் எண்ணாக எழுதுகிறாரே.

அடிக்குறிப்பு எழுதியது:

இல்லை நண்பரே. அவருடைய முதல் துறை பேச்சொலி. ஆங்கில உச்சரிப்பின் வரலாற்றைப் பல பாகங்களாக எழுதியவர். பெர்னார்ட் ஷா தன் ‘பிக்மேலியன்’ நாடகத்தின் முன்னுரையில் அவரை நினைவுகூர்கிறார். சுரங்களைத் துல்லியமாகப் பிரித்தறியும் காது அவருக்கு இல்லை என்பது தெரிந்த செய்தி. அந்த வேலையில் ஹிப்கின்ஸ் என்ற நண்பர் துணை நின்றார். பிராட்வுட் பியானோ நிறுவனத்தில் இருந்தவர், நுட்பமான காது உள்ளவர்.

அதனால்தான் எண். காதை நம்ப முடியாதவர் அளவுகோலைத் தேடினார். ஒரு ஸ்தாயியை 1200 சமபாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ‘சென்ட்’ என்றார். பியானோவின் அரைச்சுரம் ஒவ்வொன்றும் 100 சென்ட். இதன் பயன் என்னவென்றால், விகிதங்களைப் பெருக்கி வகுக்காமல் கூட்டிக் கழித்தே முடித்துவிடலாம். அதிர்வெண்கள் 3:2 விகிதத்தில் இருக்கும் பஞ்சமம் 702 சென்ட், பியானோவில் 700. வித்தியாசம் 2, பெரும்பாலோருக்கு உறைக்காது. 5:4 என்ற காந்தாரம் 386, பியானோவில் 400. வித்தியாசம் 14, பழகிய காதுக்கு உறைக்கும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொல்லாக நீட்டி விளக்குவதை எல்லிஸ் பின்னிணைப்பில் ஒரு வரியில் காட்டிவிடுகிறார். இன்றைக்குக் கைப்பேசியில் வைத்திருக்கும் சுருதி காட்டும் செயலியில் முள் ஆடுவதும் இந்த அளவில்தான்.

தந்தியொலி எழுதியது:

இப்போது வெறுங்காது கேட்ட இடத்துக்கு வரலாம்.

இரண்டு சுரம் ஏன் இனிமையாகச் சேர்கின்றன, ஏன் சேர மறுக்கின்றன? ஹெல்ம்ஹோல்ட்ஸின் விடை விம்மல்கள். இரண்டு ஒலி அருகருகே இருந்தால் ஒலி கூடிக் குறைந்து விம்மும். நொடிக்கு நாலைந்து என்றால் மிதப்பது போல இருக்கும். முப்பதைத் தாண்டிய இடத்தில், 33-ஐ ஒட்டி, கரகரப்பு உச்சத்துக்குப் போகிறது. இரண்டு கூட்டுத்தொனிகள் சேரும்போது அவற்றின் மேற்பகுதிகள் ஒன்றோடொன்று விம்மாமல் இருந்தால் இசைவு, விம்மினால் இசைவின்மை. இதிலிருந்து 3:2, 4:3, 5:4 ஆகியவற்றின் சிறப்பு இயல்பாக வந்து விழுகிறது. படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிற விளக்கம் இது, மிகையாகச் சொல்லவில்லை.

எல்லிஸ் இதை வரி வரியாக மொழிபெயர்த்தவர். அதற்குப் பிறகு, ஹிப்கின்ஸின் துணையோடு, பல நாட்டுக் கருவிகளை எடுத்து அளந்தார். இந்தியக் கருவிகளின் மெட்டுகள் (தந்தியை அழுத்தும் கட்டைகள்), அரபு, சீன, ஜப்பானியக் கருவிகள், ஜாவாவின் உலோகத் தட்டுக்கருவிகள். ஜாவாவின் ஒரு வகையில் ஸ்தாயி ஐந்து ஏறக்குறையச் சமமான பாகமாகப் பிரிந்திருக்கிறது, பாகத்துக்கு 240 சென்ட். அதில் 702-க்கு இடமே இல்லை. 5:4-க்கும் இல்லை. அந்த மக்கள் அதைச் சேர்த்து வைத்து வாசிக்கிறார்கள், கேட்கிறார்கள், அழகு என்கிறார்கள்.

1885-இல், தன் மொழிபெயர்ப்பின் இரண்டாம் பதிப்பு வந்த அதே ஆண்டில், இதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். முடிவு இதுதான்: உலகத்துக்கு ஒரே சுரவரிசை என்று எதுவும் இல்லை, இயற்கை தந்தது என்று சொல்ல வழியில்லை, ஹெல்ம்ஹோல்ட்ஸ் அவ்வளவு அழகாக விளக்கிய ஒலி விதிகளின் மேல்தான் அது நின்றாக வேண்டும் என்பதும் இல்லை, மனிதர்கள் வகைவகையாக, தங்கள் விருப்பப்படி ஆக்கிக்கொண்டவை அவை. ‘அவ்வளவு அழகாக’ என்ற மதிப்பும் மறுப்பும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. வெறுங்காது அவர்களே, நீங்கள் கேட்டபடி இதைத் தனியாகத்தான் எழுதினார்.

அலைநீளம் எழுதியது:

தந்தியொலி, இங்கே உங்களோடு முரண்படுகிறேன். இதை மறுப்பு என்று சொல்வது ஹெல்ம்ஹோல்ட்ஸுக்கு நியாயம் செய்வதாகாது. அவர் நூலின் மூன்றாம் பகுதியின் தொடக்கத்தை மறுபடி பாருங்கள். சுரவரிசையும் ஒத்திசைவும் மாறாத இயற்கை விதியில் மட்டும் நிற்கவில்லை, அழகுணர்வின் நெறிகளிலும் ஓரளவு நிற்கின்றன, அந்த நெறிகள் முன்பும் மாறின, இனியும் மாறும் என்று அவரே சொல்கிறார். விம்மல் இருக்கிறதா இல்லையா என்பது இயற்பியல். விம்மலை எவ்வளவு சகித்துக்கொள்வது, எதை இசை என்பது அந்தந்த மக்களின் கலை. இந்தக் கோட்டை அவர் தெளிவாகவே போட்டிருக்கிறார்.

அதோடு ஜாவாக் கருவிகள் உலோகத் தட்டுகள். அவற்றின் மேற்பகுதிகள் 2, 3, 4 என்று வராது. அப்படியிருக்க 3:2-க்கு அங்கே விம்மல் வழியாகச் சிறப்பு எப்படி வரும்? ஹெல்ம்ஹோல்ட்ஸின் கணக்கையே அந்தத் தட்டுகளுக்குப் போட்டால் வேறு விடை வரும். கோட்பாடு அங்கே தோற்கவில்லை.

அடிக்குறிப்பு எழுதியது:

அலைநீளம் சொன்ன இரண்டாவது செய்தி பலமானது. மேலே ‘கிளாங்’ சொல்லை எல்லிஸ் மறுத்ததும் இதே காரணத்தால்தான்: உலோக ஓசையின் மேற்பகுதிகள் சீராக இருக்காது.

தந்தியொலி எழுதியது:

ஆமாம், அதை நான் சேர்த்துப் பார்க்கவில்லை. அலைநீளம், உலோகத் தட்டு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மூன்றாம் பகுதியின் தொடக்கத்தையும் நேற்றிரவு மறுபடி படித்தேன். நான் படித்த அந்த ஆங்கில வாக்கியத்தை எழுதியதே எல்லிஸ் என்பது அப்போதுதான் மனதில் பட்டது. ‘ஓரளவு’ என்று ஆசிரியர் விட்டுவைத்த இடத்தைத் தன் கையால் மொழிபெயர்த்தவர், அந்த ‘ஓரளவு’ எவ்வளவு என்று அளக்கப் போயிருக்கிறார். மறுப்பு என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனாலும் ஒன்றில் நிற்கிறேன். இரண்டு பேரின் சாய்வும் வேறு. நூலை மூடிவைக்கும்போது, நம் ஐரோப்பிய இசை வந்துசேர்ந்த இடத்துக்கு இயற்கை வலுவான காரணம் தந்திருக்கிறது என்ற எண்ணத்தைத்தான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விட்டுச்செல்கிறார். எல்லிஸின் கட்டுரையை மூடிவைக்கும்போது அந்த எண்ணம் ஆட்டம் காண்கிறது. தந்திக் கருவிகளையும் எல்லிஸ் அளந்தார் அல்லவா? அவற்றின் மேற்பகுதிகள் சீரானவைதானே? அங்கேயும் பல வகை வரிசைகள்தான் கிடைத்தன.

வெறுங்காது எழுதியது:

எனக்கு வேண்டிய விடை கிடைத்துவிட்டது. சொல்லையும் எண்ணையும் பற்றிய குறிப்பு நூலுக்குள், அடைப்புக்குறியோடு. கோட்பாட்டைப் பற்றிய கருத்து நூலுக்கு வெளியே, சொந்தப் பெயரில். எல்லிஸ் 1885-இல் இரண்டையும் இரண்டு இடத்தில் வைத்தார். அதற்கு நான் உடன்படுகிறேன். பின்னிணைப்பு கொஞ்சம் எல்லை மீறுகிறது என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

தந்தியொலி, உங்கள் தமிழ் வரைவில் குறிப்பு எப்படி இருக்கும்? ஒன்று காட்டுங்கள்.

தந்தியொலி எழுதியது:

முதல் குறிப்பு இப்படி எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

[மூலத்தில் ‘கிளாங்’. இதைக் கூட்டுச்சுரம் என்றும், அதன் உள்ளே உள்ள ஒவ்வொன்றையும் பகுதிச்சுரம் என்றும் எழுதுகிறேன். அடிப்படையையும் சேர்த்து ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். பள்ளிப் பாடநூல்களில் முதல் மேற்சுரம் என்று வருவது இங்கே இரண்டாம் பகுதிச்சுரம். மொழிபெயர்ப்பாளர்.]

இருமொழி எழுதியது:

‘சுரம்’ வேண்டாம் என்று நினைக்கிறேன். சுரம் என்றதும் தமிழ் வாசகர் மனம் ச, ரி, க வரிசையில் அதற்கு ஓர் இடம் தேடும். ஹெல்ம்ஹோல்ட்ஸ் இங்கே வரிசையைப் பற்றிப் பேசவே ஆரம்பிக்கவில்லை, காதில் விழும் ஒன்றைப் பற்றித்தான் பேசுகிறார். கூட்டுத்தொனி, பகுதித்தொனி என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த இழையிலேயே நாம் எல்லாரும் தொனி என்றுதான் எழுதிவந்திருக்கிறோம்.

அலைநீளம் எழுதியது:

கடைசி வரியில் ஒரு பிழை. முதல் மேற்சுரம் இரண்டாம் பகுதி என்பது தந்திக்கும் திறந்த குழாய்க்கும் மட்டும். மூடிய குழாய்க்கு அது மூன்றாம் பகுதி. அந்த இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.

தந்தியொலி எழுதியது:

இரண்டையும் திருத்திவிட்டேன். குறிப்பு இப்போது ஒரு வரி நீண்டுவிட்டது.

[மூலத்தில் ‘கிளாங்’. இதைக் கூட்டுத்தொனி என்றும், அதன் உள்ளே உள்ள ஒவ்வொன்றையும் பகுதித்தொனி என்றும் எழுதுகிறேன். அடிப்படையையும் சேர்த்து ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். பள்ளிப் பாடநூல்களில் முதல் மேற்சுரம் என்று வருவது தந்திக்கும் திறந்த குழாய்க்கும் இங்கே இரண்டாம் பகுதித்தொனி. மூடிய குழாய்க்கு மூன்றாம் பகுதித்தொனி. மொழிபெயர்ப்பாளர்.]

அடுத்து ‘விம்மல்’ வரும் அத்தியாயம். ஜெர்மனில் அதற்கு வைத்திருக்கும் சொல் அந்தரத்தில் மிதப்பதைக் குறிப்பது, ஆங்கிலத்தில் எல்லிஸ் வைத்தது அடிப்பதைக் குறிப்பது, நம்முடையது அழுகைக்கும் பொங்குவதற்கும் உரியது. இதற்கு ஒரு குறிப்பு எழுதி ஞாயிற்றுக்கிழமை போடுகிறேன்.